ஜப்பானிய மொழி கற்றலில் அச்சு அகரமுதலியும் மின்னகரமுதலியும்

ஜப்பானிய மொழியைப் பயில்வோர் சொற்பொருள் அறியப் பயன்படுத்தும் கருவிகள் அச்சு அகரமுதலி, மின்னகரமுதலி என இரு வகைப்படும். கையடக்கக் கருவிகள், கணினி மென்பொருள்கள், இணையத்தளங்கள், செல்பேசிச் செயலிகள் ஆகிய அனைத்தும் மின்னகரமுதலி என்பதில் அடங்கும். எழுத்துக்களைக் கூட்டி வாசிக்கத் தெரிந்தால் சொல்லைத் தேடிவிடலாம் என்னும் நிலை தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பொருந்தும். ஜப்பானிய மொழிக்கு அது பொருந்தாது. ஒரு சொல்லின் ஒலி தெரியாமலேயே அதனைத் தேட வேண்டிய தேவை அம்மொழியில் அடிக்கடி ஏற்படுகின்றது. எவ்வகை அகரமுதலி ஏற்றது என்னும் கேள்வி ஜப்பானிய மாணவரிடையே நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டு வருவதற்கு இதுவே முதற்காரணம்.

தமிழகப் பின்னணி

தமிழ்நாட்டில் ஜப்பானிய மொழி பெரும்பாலும் தொழில் நோக்கில் கற்கப்படுகின்றது. சென்னை, காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் உள்ள திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய தொழிற்பேட்டைகளில் ஜப்பானிய நிறுவனங்கள் ஆலைகளை அமைத்துள்ளன. ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டு வாகன ஆலை 2010இல் திறக்கப்பட்டது. காஞ்சிபுரத்துக்கு மேற்கே தாமல் வழியாகச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையே கிழக்கே திருப்பெரும்புதூரையும் தொடுகின்றது. பட்டுத்தறிக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற வட்டாரத்தின் இளைஞர்கள், எந்திர வரைபடத்தின் ஓரத்தில் உள்ள ஜப்பானியக் குறிப்பை வாசிக்க வேண்டிய நிலை இவ்வாறு உருவானது. 'கைசன்' (மேம்பாடு), 'கன்பன்' (அறிவிப்புப் பலகை) போன்ற சொற்கள் அகரமுதலியின் துணையின்றியே ஆலைத் தொழிலாளரின் பேச்சில் கலந்துவிட்டன.

ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியோரின் அமைப்பான ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் தமிழ்நாடு மையம் சென்னையில் மொழி வகுப்புகளை நடத்துகின்றது. 1984இல் தொடங்கப்பட்ட ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வு நடைபெறும் இந்திய நகரங்களுள் சென்னையும் ஒன்று. நான்கு நிலைகளாக இருந்த இத்தேர்வு 2010 முதல் ஐந்து நிலைகளாக மாற்றியமைக்கப்பட்டது. தேர்வில் எவ்வகை அகரமுதலிக்கும் இடமில்லை.

கான்ஜி எழுத்துக்களும் தேடலின் சிக்கலும்

ஜப்பானிய மொழி ஹிரகனா, கட்டகனா என்னும் இரு ஒலியெழுத்து முறைகளையும், சீனத்திலிருந்து பெறப்பட்ட கான்ஜி என்னும் பொருளெழுத்து முறையையும் சேர்த்து எழுதப்படுகின்றது. (இச்சொல்லைத் தமிழில் 'காஞ்சி' என்று எழுதினால் ஊர்ப்பெயராகவும் 'கஞ்சி' என்று எழுதினால் உணவாகவும் ஆகிவிடுவதால் இங்கு 'கான்ஜி' என்னும் வடிவம் கையாளப்படுகின்றது.) பொதுப் பயன்பாட்டுக்கான கான்ஜிப் பட்டியலில் 1981இல் 1,945 எழுத்துக்கள் இருந்தன, 2010இல் இவ்வெண்ணிக்கை 2,136 ஆக உயர்த்தப்பட்டது. மொரோஹாஷி தெத்சுஜி தொகுத்த பேரகரமுதலியில் ஏறத்தாழ 50,000 எழுத்துக்கள் உள்ளன.

கான்ஜி எழுத்தைப் பார்த்த அளவில் அதன் ஒலி விளங்காது. ஒரே எழுத்துக்கு இரண்டு, மூன்று, சிலவற்றுக்கு பத்துக்கு மேற்பட்ட வாசிப்புகளும் உண்டு. எனவே அச்சு அகரமுதலியில் அதனைத் தேட, எழுத்தின் உருவத்தையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும். மரபான முறையில் எழுத்துக்கள் 214 அடிக்கூறுகளின் கீழ் வகுக்கப்பட்டுள்ளன. மாணவர் முதலில் அடிக்கூறு எது என்று கண்டறிய வேண்டும். பின்னர் எஞ்சிய பகுதியின் கீற்றுக்களை எண்ணி, அவ்வெண்ணுக்குரிய பகுதியில் தேட வேண்டும்.

பட்டைக் குறிக்கும் 'கினு' என்னும் எழுத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் இடப்பக்கத்தில் 'நூல்' என்னும் ஆறு கீற்று அடிக்கூறும், வலப்பக்கத்தில் ஏழு கீற்றுக்கள் கொண்ட பகுதியும் உள்ளன. மொத்தம் 13 கீற்றுக்கள். நூல் அடிக்கூற்றின் கீழ் ஏழு கீற்று வரிசைக்குச் சென்றால் எழுத்து கிடைக்கும். ஒரு கீற்றைத் தவறாக எண்ணிவிட்டால் கிடைக்காது. வளைந்து இறங்கும் கோட்டை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதிலேயே தொடக்கநிலை மாணவர் இடறுவர்.

இவ்விடரைக் குறைக்க ஆங்கிலம் வழிக் கற்போருக்கெனச் சில அகரமுதலிகள் வெளிவந்தன. ஆண்ட்ரூ நெல்சன் 1962இல் வெளியிட்ட எழுத்தகரமுதலி அடிக்கூற்றைத் தீர்மானிக்க நிலையான ஒரு விதிவரிசையை வகுத்தது. ஸ்பான், ஹதமிட்ஸ்கி ஆகியோர் அடிக்கூறுகளை 79 ஆகக் குறைத்தனர். ஜாக் ஹால்பெர்ன் 1990இல் வெளியிட்ட அகரமுதலியோ அடிக்கூற்றையே கைவிட்டு, எழுத்து இடம்–வலமாகப் பிரிகின்றதா, மேல்–கீழாகப் பிரிகின்றதா, ஒன்றை மற்றொன்று சூழ்ந்துள்ளதா என்னும் வடிவத்தைக் கொண்டு தேடும் முறையைப் புகுத்தியது. அம்முறையில் மேற்கண்ட பட்டு எழுத்தின் குறியெண் 1-6-7 ஆகும்: இடம்–வலப் பிரிவு, இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஏழு.

மின்னகரமுதலியில் இவ்வுழைப்பு பெரும்பாலும் நீங்கிவிடுகின்றது. தொடுதிரையில் எழுத்தை விரலால் வரையலாம். எழுத்தில் தென்படும் உறுப்புக்களை எவ்வரிசையிலும் தெரிவு செய்யலாம். கணினியில் உள்ள பனுவலாயின் வெட்டி ஒட்டலாம். செல்பேசியின் ஒளிப்படக் கருவியை அறிவிப்புப் பலகையை நோக்கிப் பிடித்தாலே போதும். கான்ஜித் தேடலைப் பொறுத்தவரை மின்முறையின் மேன்மையில் ஐயத்துக்கு இடமில்லை.

நூல் அடிக்கூற்றின் பக்கங்கள்

எனினும் அச்சு முறையில் தேடுவோர் வழியில் காண்பவை மின்திரையில் தேடுவோருக்குக் கிட்டுவதில்லை. பட்டு எழுத்தைத் தேடி நூல் அடிக்கூற்றின் பக்கங்களைப் புரட்டும் மாணவர், நெய்தல், முடிச்சு, மெல்லிய, செம்மை, பசுமை, காகிதம், முடிவு ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துக்கள் எல்லாம் அங்கேயே நிற்பதைக் காண்பார். நிறங்கள் சாயமிட்ட நூலின் வழியாகவும், முடிவு என்பது நூலின் தொடர்பாகவும் எழுத்தில் இடம்பெற்றமை விளக்கமின்றியே புலப்படும்.

அதே பகுதியில் 'கியோ' அல்லது 'கேய்' என வாசிக்கப்படும் ஓர் எழுத்து உள்ளது. அதன் முதற்பொருள் தறியின் பாவு. பௌத்த சூத்திரங்களையும் அதே எழுத்து குறிக்கின்றது. சமற்கிருதத்தில் சூத்திரம் என்பதற்கு இழை என்பதே அடிப்படைப் பொருள். தமிழிலும் 'நூல்' என்பது இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கும்; நன்னூலின் பாயிரம் இவ்வொப்புமையைப் பஞ்சு, இழை என விரித்துரைக்கின்றது. பாவு எழுத்தும் ஊடை எழுத்தும் புவியியலுக்கும் சென்றுள்ளன. ஜப்பானிய மொழியில் தீர்க்கரேகை 'கேய்டோ' (பாவின் பாகை), அட்சரேகை 'இடோ' (ஊடையின் பாகை) எனப்படும். உலக உருண்டை ஒரு தறியாகக் கற்பனை செய்யப்பட்டுள்ளது. பாவும் ஊடையும் அன்றாடச் சொற்களாக வழங்கும் காஞ்சிபுரத்து மாணவர் ஒருவருக்கு இவ்விரு சொற்களும் ஒருமுறை கண்டாலே நினைவில் தங்கக்கூடியவை. மின்னகரமுதலியில் 'தீர்க்கரேகை' என்பதற்கு நேரான ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சு செய்பவர் விடையை மட்டும் பெற்று வெளியேறிவிடுவார்.

தேடல் மெதுவாக நடைபெறுவதால் சொல் மனத்தில் நன்கு பதிகின்றது என்று ஆசிரியர் பலர் கூறுவர். ஆயினும் இரு வகை அகரமுதலிகளையும் ஒப்பிட்ட சோதனைகள் இக்கூற்றைத் தொடர்ந்து உறுதிப்படுத்தவில்லை. தேடுவதற்கான உழைப்பு மட்டுமே நினைவாற்றலைக் கூட்டும் என்று கொள்வதற்கில்லை. அண்டைச் சொற்களை வாசிக்கும் பழக்கமே கூடுதல் பயன் தருவதாகத் தோன்றுகின்றது. அப்பழக்கம் இல்லாதவருக்கு அச்சு நூல் சுமை மட்டுமே.

அகரவரிசையும் தமிழ் மாணவரும்

ஒலி தெரிந்த சொற்களைத் தேடுவதில் தமிழ் மாணவருக்குத் தனிப்பட்ட வசதி ஒன்று உண்டு. ஜப்பானிய அகரமுதலிகள் 'கொஜூஒன்' எனப்படும் ஐம்பது ஒலி வரிசையைப் பின்பற்றுகின்றன. இதன் உயிர்கள் அ, இ, உ, எ, ஒ என்னும் ஒழுங்கிலும், மெய்கள் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்னும் ஒழுங்கிலும் அமைந்தவை. ஹகர வரிசை முற்காலத்தில் பகரமாக ஒலிக்கப்பட்டது. எனவே இது தமிழ் நெடுங்கணக்கின் வரிசையே. சில எழுத்துக்கள் மட்டும் இல்லை. பௌத்தத்துடன் ஜப்பானை அடைந்த சித்தம் என்னும் இந்திய எழுத்துமுறை பற்றிய கல்வியே இவ்வொழுங்குக்கு மூலமாகும். 736இல் ஜப்பான் சென்று, 752இல் நாரா நகரின் பெரும்புத்தர் சிலைக்குக் கண்திறப்புச் சடங்கை நடத்திய இந்தியத் துறவி போதிசேனர் அக்காலத் தொடர்புகளுக்குச் சான்றாவார்.

நெடுங்காலம் ஜப்பானிய அகரமுதலிகள் 'இரோஹா' என்னும் செய்யுளின் எழுத்து வரிசையைப் பின்பற்றின. ஒட்சுகி புமிஹிகோ 1889–1891இல் வெளியிட்ட 'கென்காய்' அகரமுதலி ஐம்பது ஒலி வரிசையைக் கைக்கொண்டது. செய்யுள் வடிவ நிகண்டுகளை மனனம் செய்துவந்த தமிழில், வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) அகரவரிசையைப் புகுத்தியதுடன் இது ஒப்பிடத்தக்கது. ஐரோப்பியச் சமயப் பரப்புநரின் பங்கும் இரு மொழிகளிலும் உண்டு. ஜப்பானிய–போர்த்துக்கேய அகரமுதலி 1603இல் நாகசாகியில் அச்சாகியது. பிறோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறியது.

இவ்வரிசை தமிழருக்குப் பழக்கமானது என்பதால், பிறமொழி மாணவர் வாரக்கணக்கில் பழக வேண்டிய அச்சு அகரமுதலியைத் தமிழ் மாணவர் ஓரிரு நாட்களில் புரட்டக் கற்றுக்கொள்ள இயலும். இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழ் எழுத்தில் வல்லின ஒலிகளுக்கு இடையே வேறுபாடு காட்டப்படுவதில்லை. ஜப்பானிய மொழியிலோ, நடுவில் வல்லொலி பெறும் ஒரு சொல் சீமைப்பனிச்சைப் பழத்தையும், அதே இடத்தில் மெல்லொலி பெறும் மற்றொன்று சாவியையும் குறிக்கின்றன. வகுப்பில் தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கும் மாணவர் இரண்டையும் 'ககி' என்றே எழுதிவைப்பார். அச்சு அகரமுதலியில் இது பெருங்குறையாகாது. ககர வல்லொலியும் மெல்லொலியும் ஒரே இடத்தில் வரிசைப்படுத்தப்படுவதால் இரு சொற்களும் அடுத்தடுத்தே காணப்படும். மின்னகரமுதலியிலோ தட்டச்சு செய்த ஒலிக்கு மட்டுமே விடை வரும். தவறான விடையே சரியானது போலத் தோன்றும். ககரம் இரட்டித்து 'கக்கி' என ஒலிக்கும் சொல் (உயிர்த்துடிப்பு என்பது பொருள்) அச்சு நூலிலும் சற்றுத் தொலைவில்தான் இருக்கும். இரட்டிப்பைக் காட்டும் சிறிய எழுத்து, தகர வரிசை எழுத்தாக எண்ணப்படுவதே காரணம்.

குறில், நெடில் வேறுபாட்டில் நிலைமை நேர்மாறானது. பனியைக் குறிக்கும் 'யுகி', துணிவைக் குறிக்கும் 'யூகி', அத்தையைக் குறிக்கும் 'ஒபசன்', பாட்டியைக் குறிக்கும் 'ஒபாசன்' ஆகியவற்றை ஆங்கில எழுத்து பெரும்பாலும் குழப்பிவிடும். தமிழ் எழுத்து தெளிவாகக் காட்டும்.

திரிபடைந்த வினைகள்

ஜப்பானிய மொழியும் தமிழைப் போன்று ஒட்டுநிலை மொழி. வினையடியுடன் பிறவினை, செயப்பாட்டு, எதிர்மறை, காலம் ஆகியவற்றைக் காட்டும் உறுப்புக்கள் வரிசையாக ஒட்டுகின்றன. 'தபேசசெரரெத' என்னும் ஒரே சொல் 'உண்ண வைக்கப்பட்டேன்' எனப் பொருள்படும். அச்சு அகரமுதலியில் இச்சொல் இல்லை. 'தபேரு' என்னும் அடிவடிவமே இருக்கும். 'வந்தான்' என்பதை 'வா' என்பதன் கீழ்த் தேடவேண்டும் என அறியாத வெளிநாட்டவர் தமிழ் அகராதியில் படும் இடர்ப்பாடே இங்கும் ஏற்படுகின்றது.

இணைய அகரமுதலிகள் பல ஒட்டுக்களைக் கழித்து அடிவடிவத்தைத் தாமே காட்டுகின்றன. இதில் ஓர் இடர் உண்டு. 'கித' என்று ஒலிக்கும் சொல் 'வந்தான்', 'உடுத்தினான்', 'வடக்கு' ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். கருவி மூன்றையும் பட்டியலிடும், தெரிவு மாணவருடையது. இலக்கணம் அறியாதவர் முதலில் வருவதை எடுத்துக்கொள்வர். ஆலையின் எச்சரிக்கைக் குறிப்புகளில் இது சிறிய பிழையாக இராது. 'கிகென்' என்பது அபாயத்தையும் வாக்களியாமல் ஒதுங்குவதையும் குறிக்கும் ஒலியாகும். கான்ஜியைக் கண்டால்தான் வேறுபாடு விளங்கும்.

கருவிகளின் வளர்ச்சி

கணினியில் கான்ஜியைக் கையாள்வதே தொடக்கத்தில் பெருஞ்சவாலாக இருந்தது. 1978இல் வகுக்கப்பட்ட ஜப்பானியத் தொழில்தர எழுத்துக்குறியேற்றம் 6,000க்கும் மேற்பட்ட கான்ஜி எழுத்துக்களுக்கு எண் வழங்கியது. அதே ஆண்டில் தோஷிபா நிறுவனம் முதல் ஜப்பானியச் சொற்செயலியை அறிவித்தது. புகழ்பெற்ற 'கோஜியென்' அகரமுதலி (முதற்பதிப்பு 1955) 1987இல் குறுந்தகட்டில் வெளிவந்தது. 1990இல் சோனி நிறுவனம் சிறுதகடு கொண்ட கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் சைகோ, கேனன், கேசியோ, ஷார்ப் நிறுவனங்களின் கருவிகள் ஜப்பானிய மாணவரிடையே பரவலாயின.

இக்கருவிகள் ஆங்கிலம் கற்கும் ஜப்பானியருக்காகவே உருவாக்கப்பட்டவை. பட்டிகளும் விளக்கங்களும் ஜப்பானிய மொழியில் இருக்கும். எடுத்துக்காட்டு வாக்கியங்களின் கான்ஜிக்கு வாசிப்பு தரப்பட்டிருக்காது. ஆகவே வெளிநாட்டு மாணவர் கருவியைப் பயன்படுத்தவே பாதி மொழியைக் கற்றிருக்க வேண்டியதாயிற்று. 2006இல் நின்டெண்டோ டிஎஸ் விளையாட்டுக் கருவிக்கென வந்த அகரமுதலி, எழுதுகோலால் திரையில் வரைந்து தேடும் வசதியைக் குறைந்த விலையில் அளித்ததால் வெளிநாட்டு மாணவரிடையே பெரிதும் விரும்பப்பட்டது. திறன்பேசிகளின் வரவால் தனிக்கருவிகளின் சந்தை சுருங்கியது. சைகோ 2015இல் இத்துறையிலிருந்து விலகியது.

இவை எல்லாவற்றையும் விட உலகெங்கும் கற்போருக்குப் பயன்பட்டது ஆத்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் பிரீன் 1991இல் தொடங்கிய 'எடிக்ட்' என்னும் கட்டற்ற சொற்கோப்பு ஆகும். பின்னர் 'ஜேஎம்டிக்ட்' என விரிவடைந்த இது, தன்னார்வலரின் உழைப்பால் 2,00,000க்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டுள்ளது. இன்று இலவசமாகக் கிடைக்கும் ஜப்பானிய அகரமுதலிச் செயலிகளுள் மிகப் பல இதனையே அடித்தளமாகக் கொண்டவை. ஆதலால் ஐந்து செயலிகளில் ஒரே விளக்கம் காணப்படுவதை ஐந்து சான்றுகளாகக் கொள்ளலாகாது.

ஆங்கிலம் என்னும் இடைவழி

அச்சாயினும் மின்னாயினும் தமிழ் மாணவர் ஆங்கிலம் வழியாகவே ஜப்பானியச் சொல்லை அணுகுகின்றனர். ஜேஎம்டிக்ட் கோப்பில் செருமன், பிரெஞ்சு, உருசியம், இடச்சு முதலிய மொழிகளில் பொருள் சேர்க்கப்பட்டுள்ளது, தமிழ் இல்லை. இதனால் ஏற்படும் இழப்பு இரு வகைக் கருவிகளுக்கும் இடையேயான வேறுபாட்டை விடப் பெரிது.

ஜப்பானிய மொழியில் 'அனி', 'ஒதோதோ', 'அனெ', 'இமோதோ' என நான்கு சொற்கள் உள்ளன. அவை அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்பவற்றுக்கு நேர்நிகரானவை. ஆங்கிலத்தில் உடன்பிறந்தவருக்கு ஆண், பெண் என்னும் இரண்டே சொற்கள் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் 'மூத்த', 'இளைய' என்னும் அடைமொழி சேர்த்து விளக்க வேண்டியுள்ளது. வீட்டை விட்டு வெளியேறும்போது ஜப்பானியர் கூறும் 'இத்தெகிமசு' என்பது சொல்லுக்குச் சொல் 'போய் வருகிறேன்' ஆகும். 'தபெதெ மிரு' என்பது 'உண்டு பார்'. துணைவினையாக 'பார்' என்னும் அதே வினை இரு மொழிகளிலும் முயற்சிப் பொருளில் வருகின்றது. ஆங்கில விளக்கத்தில் இவ்வொற்றுமை முற்றாக மறைந்துவிடுகின்றது.

இரட்டைக்கிளவிகளும் அவ்வாறே. 'பிகபிக' என்பதைப் பளபள எனவும், 'தொகிதொகி' என்பதைப் படபட எனவும், இடியோசையைக் குறிக்கும் 'கொரொகொரொ' என்பதைக் கடகட எனவும் தமிழில் ஒரு சொல்லால் கூறிவிடலாம். ஆங்கில வழி அகரமுதலிகள் இவற்றுக்கு ஒரு வரி நீளமான விளக்கம் தருகின்றன. இத்தகைய ஒப்புமைகளைக் கொண்டு சுசுமு ஓனோ (1919–2008) என்னும் ஜப்பானிய அறிஞர் தமிழும் ஜப்பானிய மொழியும் உறவுடையவை என வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்கவில்லை. எனினும் உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கற்போருக்கு ஒப்புமை ஒப்புமையே.

நிறச்சொற்களில் எதிர்மாறான சிக்கல் உண்டு. 'அஒய்' என்னும் சொல்லுக்கு அகரமுதலிகள் நீலம் என்றே முதலில் பொருள் தரும். ஆனால் போக்குவரத்து விளக்கின் பச்சையையும், பழுக்காத காயையும் ஜப்பானியர் அச்சொல்லாலேயே குறிப்பர். சிறிய அச்சு அகரமுதலிகள் இடமின்மையால் முதற்பொருளோடு நின்றுவிடும். பெரிய மின்தொகுப்புகள் இப்பொருள்களையும் வாக்கியங்களையும் சேர்த்தே தருகின்றன.

நடைமுறை

பெரும்பாலான மாணவர் இரண்டையும் கலந்தே பயன்படுத்துகின்றனர். தொடக்கநிலையில் கீற்று ஒழுங்கு, அடிக்கூறு ஆகியவற்றைப் பழகுவதற்கு அச்சு நூல் ஏற்றது. விரைவாக வாசிக்கவும், வேலைத்தளத்திலும், புதுச்சொற்களுக்கும் மின்னகரமுதலியே பயன்படும். 'திறன்பேசி' என்பதற்கான 'சுமஹோ' போன்ற சொற்கள் பழைய அச்சுப் பதிப்புகளில் இருக்கமாட்டா. அச்சு நூல்கள் பெரும்பாலும் இறக்குமதியாவதால் விலை மிகுந்தவை. பெரிய தொகுதிகள் நூலகத்தில் வைத்துப் பார்க்கத்தக்கவையே. மின்கருவியில் தேடிய சொற்களைத் தனிக் குறிப்பேட்டில் கான்ஜி, வாசிப்பு, தமிழ்ப்பொருள் என மூன்று நிரல்களாக எழுதிவைப்பது பயனுள்ள வழக்கம். அவ்வாறு பலர் எழுதிய குறிப்பேடுகள் ஒன்றுசேர்ந்தால் ஜப்பானியம்–தமிழ் அகரமுதலி ஒன்றுக்கான மூலப்பொருள் கிடைக்கும். எடிக்ட் கோப்பும் தொடக்கத்தில் சிறிய சொற்பட்டியலாகவே இருந்தது.